மற்ற ஆட்டக்காரர் வெளியேறிவிட்டார்

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் அக்காவின் கணினியில் மழை பெய்துகொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே நல்ல வெயில். கீழே, பாரிஸின் ரூ காய் தெருவில், வாழைக்குலை இறக்க வந்த வான் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தபடி இருந்தார்கள். அக்காவின் காதில் அது விழவேயில்லை. கதிரையில் காலை மடித்துப் போட்டு, தோளில் சால்வையோடு, திரையில் விழும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறக் கடல். அதில் ஒரு சின்னப் படகு. பாய்த்துணியில் நீர் விழுந்து வழியும் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நான் சோபாவில் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். அக்கா காலமாகி ஒரு மாரி கடந்துவிட்டது. அவளை நினைத்தால் அவளுடைய சமையலோ, கோபமோ, கடையில் சேலையை ஒரே வீச்சில் விரித்துக் காட்டும் அந்தக் கையோ முதலில் வருவதில்லை. வெயில் அடிக்கும் அறைக்குள் தனக்கென்று ஒரு மழையை வைத்துக்கொண்டு அவள் இருந்த இருப்புத்தான் வருகிறது.

அக்கா ரூ காயில் ஒரு சேலைக்கடையில் வேலை செய்தாள். வீடும் அதே தெருவில்தான், கடைக்கு மேலே இரண்டு மாடி ஏறினால் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லா சப்பலில் கால் வைக்க இடமிருக்காது என்பதால், அவளுடைய ஓய்வுநாள் திங்கள். அன்றைக்கு அவள் கோயிலுக்குப் போவாள் என்று கடையில் நினைத்தார்கள். அவளும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. ஐம்பதை எட்டிப் பார்க்கும் ஒரு பெண் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கணினியைத் திறந்து வைத்துக் கடலில் படகு ஓட்டுகிறாள் என்று சொன்னால் அந்தத் தெருவில் கதைக்கு எத்தனை கால் முளைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பழக்கிவிட்டவன் அவளுடைய மகன், என் மருமகன். அவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இருவரும் ஒரே மேசையில் ஆளுக்கொரு கணினியை வைத்துக்கொண்டு அந்தக் கடல் விளையாட்டை விளையாடினார்கள். சண்டை, துப்பாக்கிச் சூடு எதுவும் இல்லாத விளையாட்டு அது. இரண்டு பேர் சேர்ந்து படகில் போவார்கள். தீவு கண்டால் இறங்குவார்கள். மரம் நடுவார்கள், வீடு கட்டுவார்கள், மீன் பிடிப்பார்கள். அவ்வளவுதான். அக்காவின் மடிக்கணினி கிழடு தட்டி, விண்டோஸ் ஏறி வருவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம் என்ற நிலைக்கு வந்தபோது, மருமகன் அதைத் துடைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். “இனி இது கிடந்து உழைக்கும் அம்மா” என்றானாம். அந்தச் சொல்லை அக்கா எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள், ஏதோ மகன் வீடு வாங்கித் தந்ததைப்போல.

இந்த இடத்தில் என் தொழிலைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. நான் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். விண்டோஸுக்கென்று எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைப்பது எங்கள் வேலை. இதைப் ‘போர்ட்’ பண்ணுவது என்போம். ஒரு வீட்டு அடுப்பில் பழகிய கறியை இன்னொரு வீட்டு அடுப்பில், அந்த வீட்டுச் சட்டியில், ருசி மாறாமல் இறக்குகிற மாதிரி. நன்றாகச் செய்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். மோசமாகச் செய்தால் படம் திக்கித் திக்கி ஓடும், சத்தம் ஒரு இடத்தில் நிற்க வாய் இன்னொரு இடத்தில் அசையும், கணினியின் காற்றாடி ஆகாயவிமானம்போல் இரையும். லினக்ஸில் விளையாடுகிறவர்கள் குறைவு என்பதால் பலர் இந்த வேலையை ஏனோதானோவென்று முடித்துத் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் பெரிய ரோசம். நிரலின் ஒவ்வொரு வரியையும் லினக்ஸுக்கென்றே திருத்தி எழுதிய போர்ட்தான் போர்ட் என்று கூட்டங்களில் மேசையைத் தட்டிப் பேசியவன் நான். விண்டோஸ் விளையாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நிரலை நிறுத்தி ஓட்டுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

அக்காவின் கடல் யாரோ ஏனோதானோவென்று செய்து முடித்த போர்ட். எங்கள் நிறுவனத்துடையது அல்ல, அந்தமட்டில் எனக்கு நிம்மதி. படகு திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் உறைந்து பிறகு துள்ளும். மைக்கைச் செருகினால் அது மைக் என்றே அதற்குத் தெரியாது. நான் போகும்போதெல்லாம் நக்கல் அடிப்பேன்.

“உன்ரை கடல் விக்குதக்கா.”

“விக்கினால் குடிக்கத் தண்ணியோ இல்லை அதுக்கு? நீ பேசாமல் படு.”

அவளுக்கு அந்த விக்கல் பிரச்சினையே இல்லை. அவள் தாளம் தெரிந்து, படம் உறையும் கணத்துக்கு முன்பே கையை எடுத்துவிடுவாள். ஒருமுறை நான் இதைத் துடைத்துப் புதிதாக எல்லாம் போட்டுத் தருகிறேன் என்று கணினிக்குக் கிட்டப் போனபோது, என் கையைத் தட்டிவிட்டாள். “உதிலை கை வைக்காதை. அவன் போட்டுத் தந்தது.”

அப்போது மருமகன் அந்த வீட்டில் இல்லை. பொறியியல் படிக்கச் சேர்ந்தவன் நடுவில் விட்டுவிட்டு, ஒரு பூலான்ஜெரியில், அதாவது பேக்கரியில், பாண் போடப் பழகப்போவதாக வந்து நின்றான். அத்தானுக்கு, அக்காவின் கணவருக்கு, விமான நிலையத்தில் வேலை. நல்ல மனிதர். ஆனால் வாய் திறந்தால் திரும்ப மூடத் தெரியாது. “நான் இந்த நாட்டுக்கு வந்து சட்டி கழுவினது நீ பாண் போடுறதுக்கோ?” என்று தொடங்கினார். எங்கே முடித்திருக்கவேண்டுமோ அங்கே முடிக்கவில்லை. இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வராதே என்றதோடுதான் நின்றார். மருமகன் ஒரு பையில் உடுப்பையும் தன் கணினியையும் வைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனான். போய் இருந்தது பாரிஸுக்குச் சற்று வெளியே லெ பிளாங்-மெனிலில், கூட்டாளி ஒருவனின் வீட்டில். பக்கத்துக் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு முடிவதற்குள் போய் இறங்கலாம். அந்தத் தூரத்தைக் கடக்க இவர்கள் ஒருவராலும் முடியவில்லை. அக்கா எடுத்த போன்களை அவன் தூக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளும் எடுப்பதை விட்டாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் தனியே கடலில் நின்றபோது, மூலையில் அவன் பெயர் வந்து சேரலாமா என்று கேட்டது. பூலான்ஜெரிக்கும் திங்களில்தான் விடுமுறை. அத்தானுக்கு அன்றைக்குப் பின்னேரம்வரை வேலை. ஒருவரும் பேசி ஒழுங்கு செய்யாமலே அது அவர்களுடைய நாளாகிவிட்டது. சிவப்புப் பாய் போட்ட அவனுடைய படகு முன்னால் போகும், வெள்ளைப் பாயோடு அக்கா பின்னால் போவாள். மைக் வேலை செய்யாததால் எழுத்துத்தான். அக்காவுக்குப் பிரெஞ்சு எழுத வராது. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. எனவே அவள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவாள், அவன் பிரெஞ்சில் ஒரு வரி பதில் போடுவான். வீட்டைப்பற்றி, அப்பாவைப்பற்றி, அன்றைக்கு நடந்ததைப்பற்றி ஒரு சொல் கிடையாது. அந்தத் தீவில் தண்ணீர் இருக்கிறது, இந்த மரம் காய்த்திருக்கிறது, பாறை கவனம். இவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கதைக்காக அக்கா ஏழு நாளும் காத்திருந்தாள் என்பதை நான் கண்ணால் கண்டேன். திங்கள் காலையில் தலைமுழுகி, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அந்தக் கணினியின் முன்னால் உட்காருவாள். அதில் கமெராவே வேலை செய்யாது.

அந்தச் சந்திப்பு ஒருபோதும் நீளவில்லை. இருவரும் ஒரு நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, கடல் கண்ணாடிபோலக் கிடக்கும் நேரமாகப் பார்த்து, படம் அப்படியே நின்று, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். அதில் பிரெஞ்சில் ஒரே வரி: மற்ற ஆட்டக்காரர் வெளியேறிவிட்டார். அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி இருப்பாள். “போட்டான்” என்பாள், போய்விட்டான் என்று. பிறகு கணினியை மெல்ல மூடிவிட்டு, எழும்பிப் போய் அரிசி களைவாள். அவன் வீட்டைவிட்டுப் போனதும் இப்படித்தானே, ஒரு சொல் சொல்லாமல். கிழமைக்குக் கிழமை அதே பிரிவு திரும்ப நடந்ததுபோலத்தான் அவளுக்கு இருந்திருக்கும். “அலுப்பு வந்திருக்குமடா அவனுக்கு. கிழவியோடை எவ்வளவு நேரம் கடலைப் பாக்கிறது?” என்று என்னிடம் சிரித்துச் சொன்னாள். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை அவன் வராமலே விட்டுவிடுவான், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. ஏன் இடையில் போகிறாய் என்று அவனிடம் கேட்கவும் பயம். கேட்டால் வராமல் விட்டாலும் விட்டுவிடுவான் என்று நினைத்தாள்.

நான் சோபாவில் அரைத்தூக்கத்தில் கிடந்த அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். எனக்குத் திங்களில் வீட்டிலிருந்து வேலை. வீடு என்பதை நான் அக்காவின் வீடு என்று விளங்கிக்கொண்டு, மத்தியானம் அவளுடைய சாப்பாட்டுக்குப் போய்விடுவேன். திரையில் மழை தொடங்கியிருந்தது. அக்கா எதையோ தட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் களுக்கென்று சிரித்தாள்.

“என்னக்கா?”

“இஞ்சை மழை கொட்டுது, பாயை இறக்கு எண்டு எழுதினன். அவன் சொலெய் எண்டு எழுதியிருக்கிறான். வெயிலாம். பகிடி விடுறான்.”

எனக்குத் தூக்கம் போய்விட்டது. எழும்பி உட்கார்ந்தேன். இரண்டு படகும் ஒரே கடலில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நின்றன. இங்கே மழை, அங்கே வெயில் என்றால் அது பகிடி இல்லை. “கேளக்கா, அவனுக்கு முன்னாலை என்ன தெரியுது எண்டு கேள்” என்றேன். அவள் தட்டினாள். தனக்கு இடப்பக்கம் ஒரு தீவு தெரிகிறது என்று பதில் வந்தது. அக்காவின் திரையில் இடப்பக்கம் வெறும் கடல். நான் வாயைத் திறப்பதற்குள் படம் நின்றது, வெள்ளைக் கட்டம் வந்தது. மற்ற ஆட்டக்காரர் வெளியேறிவிட்டார்.

“போட்டான்” என்றாள் அக்கா.

நான் மருமகனுக்குப் போன் எடுத்தேன். மாமா என்பதால் என்னுடையதைத் தூக்குவான். சத்தத்தை வெளியே விட்டு மேசையில் வைத்தேன், அக்கா கேட்கட்டும் என்று. ஏன்ரா இடையில் வெளிக்கிட்டாய் என்று கேட்டேன். 

“நான் எங்கை மாமா வெளிக்கிட்டது? அம்மா தான் போனவ. ஒவ்வொரு முறையும் அவதான். எனக்கு இஞ்சை அப்பிடித்தான் எழுதி வருது.” பிறகு பிரெஞ்சுக்கு மாறினான். அப்பா வேலையால் வருகிற சத்தம் கேட்டதும் அம்மா பயந்து மூடிவிடுகிறாள் என்று தனக்குத் தெரியும் என்றான். அம்மா இப்படி ஒளித்து ஒளித்துத் தன்னோடு விளையாடத் தேவையில்லை, தான் இனி வரவில்லை, அதை அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றான்.

அக்கா அந்தப் போனையே பார்த்துக்கொண்டு இருந்தாள். குனிந்து, அதற்குக் கிட்ட வாயை வைத்து, “நான் போகேல்லை அப்பு” என்றாள். “நான் ஒரு நாளும் போகேல்லை.”  பிறகு அவன் போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் அழுதாள். நானும் அழுதேன், அதை மறைப்பானேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “விசர்ப் பெட்டி” என்று கணினியைத் திட்டினாள். “இது ஏன்டா எங்கள் ரெண்டு பேருக்கும் பொய் சொன்னது?”

நான் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். இந்த விளையாட்டில் ஒரு கணினி மற்றக் கணினிக்குக் கடலை அனுப்புவதில்லை, அவ்வளவு பெரிய கடலை அனுப்ப முடியாது. கையில் எந்தப் பொத்தானை அமர்த்தினோம் என்பதை மட்டும் அனுப்பும். அலையை, காற்றை, மழையை ஒவ்வொரு கணினியும் தான்தான் கணக்குப்போட்டு வரையும். இரண்டு கணக்கும் ஒன்றாக இருக்கும்வரை இருவரும் ஒரே கடலில் இருப்பார்கள். லினக்ஸுக்கு மாற்றியவர்கள் அவசரத்தில், கணக்கின் கடைசிப் புள்ளி ஒன்றை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் அந்த மயிரிழை ஒரு அலையைத் தள்ளி, அலை காற்றைத் தள்ளி, கடைசியில் இங்கே மழையாகவும் அங்கே வெயிலாகவும் வந்து நிற்கும். இனி இது ஒரே கடல் இல்லை என்று விளையாட்டுக்குத் தெரியவந்ததும் தொடர்பை அறுத்துவிடும். அதற்கென்று ஒரு வசனம் எழுதிவைக்க ஒருவருக்கும் நேரமில்லை. கைக்குக் கிடைத்த பழைய வசனத்தை இரண்டு திரையிலும் போட்டுவிட்டார்கள்.

“அப்ப நாங்கள் ரெண்டு பேரும் வேற வேற கடலிலை நிண்டுகொண்டுதான் கதைச்சிருக்கிறம்” என்றாள் அக்கா. நான் ஓம் என்றேன். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “ஒரு வீட்டுக்குள்ளை இருந்தபோதும் உதுதானே நடந்தது.”

திருத்துவதற்கு ஒரு வழி இருந்தது. எனக்குப் பிடிக்காத வழி. லினக்ஸுக்கென்று செய்த அந்தப் போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மருமகன் வைத்திருக்கும் அதே விண்டோஸ் விளையாட்டை, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நிரலை நிறுத்தி ஓட்டவேண்டும். அப்போது இரண்டு பக்கமும் கணக்குப் போடுவது ஒரே விளையாட்டு. கடல் பிரியாது. அவன் போட்ட லினக்ஸ் போய்விடாதோ என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். போகாது, திரையில் ஒரு கட்டத்துக்குள் சரி அடையாளம் போடுவது மட்டும்தான் என்றேன். ஆனால் பழைய கடலை அது திறக்காது. அவர்கள் அந்த மேசையில் இருந்து தொடங்கிக் கட்டிய தீவு, நீலக்கூரை வீடு, அவன் தன் கையால் வரிசையாக நட்ட மரங்கள், எல்லாம் பழைய போர்ட்டுக்குள்ளேயே இருந்துவிடும். புதுக்கடல் வெறுங்கடல். நான் இதைச் சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தேன். கீழே வான் போய்விட்டிருந்தது.

“தீவு கிடக்கட்டும்” என்றாள் அக்கா. “ஆள் வரட்டும்.”

ஆள் வருவானா என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. நடந்ததையெல்லாம் மருமகனுக்கு நான் எழுதி அனுப்பினேன். படித்ததாகக் காட்டியது, பதில் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அக்கா கடையில் நிறம் மாற்றிச் சேலை எடுத்துக் கொடுத்து முதலாளியிடம் பேச்சு வாங்கினாள். அடுத்த திங்கள் நான் காலையிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். மொழிபெயர்ப்பு நிரலைப் போட்டு, விளையாட்டை ஏற்றினேன். என் தொழில் ரோசத்துக்கு அன்றைக்கு நல்ல அடி விழுந்தது. கடல் விக்கவில்லை. படகு திரும்பியபோது படம் வெண்ணெயில் கத்தி போனதுபோலத் திரும்பியது. காற்றாடி இரையவில்லை. லினக்ஸுக்கென்றே பிறந்த போர்ட்டைவிட, வேறு ஊருக்கென்று பிறந்து நடுவில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுக்க ஓடுகிற இது எத்தனையோ மடங்கு நன்றாக ஓடியது. அக்கா தமிழில் கேட்க மகன் பிரெஞ்சில் சொல்ல, அந்த வீடு அத்தனை வருடமும் அப்படித்தானே ஓடியது என்று யோசித்தேன். அக்கா தாளம் பழகிய கையை எடுத்து எடுத்து வைத்து, எடுக்கத் தேவையில்லை என்று கண்டு, திரும்பி என்னைப் பார்த்தாள்.

மத்தியானம் கடந்தது. வெறுங்கடலில் வெள்ளைப்பாய்ப் படகு மட்டும் நின்றது.   கணினியில் அலை அடிக்கிற சத்தமும், கீழே யாரோ மீன்பெட்டி இழுக்கிற சத்தமும் ஒன்றாகக் கலந்து கேட்டன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. மூலையில் அவன் பெயர் வந்தது. அக்கா ஓம் என்று அமர்த்தினாள். சிவப்புப் பாய் ஒன்று தூரத்தில் மெல்ல உருவாகி வந்தது.

“அம்மா?”

எழுத்து அல்ல. குரல். இந்தப் புது ஏற்பாட்டில் மைக் வேலை செய்கிறது என்பதை நான் பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை. வீட்டைவிட்டுப் போன நாளுக்குப் பிறகு அவனுடைய குரல் அந்த அறைக்குள் அவளுக்கென்று வந்தது அதுதான் முதல்முறை. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “அம்மா, கேக்குதா? சாவா?” என்றான் அவன், சுகமா என்று பிரெஞ்சில். “கேக்குது, கேக்குது” என்று நான்தான் சொன்னேன். அவளுக்குக் குரல் வர நேரமெடுத்தது. வந்ததும் அவள் கேட்டது, “அங்கை மழையோ வெயிலோ?”

“மழை. இப்பதான் தொடங்குது.”

அவளுடைய திரையிலும் அப்போதுதான் முதல் துளி விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை.

அன்றைக்கு அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். வழக்கமாக அறுந்துபோகும் நேரம் வந்தபோது அக்காவின் கை இறுகியது, கண் திரையின் நடுவைப் பார்த்தது. கட்டம் வரவில்லை. கடல் இருந்தது. அவன் மா பிசைவதைப்பற்றிச் சொன்னான். விடியற்காலையில் முதல் பாண் அடுப்பால் வரும்போது, ஆறுகிற பாண் மெல்ல வெடிக்கிற சத்தம் கேட்கும் என்றான். அக்கா கடையில் மாறி எடுத்துக் கொடுத்த சேலையைப்பற்றிச் சொன்னாள். ஒரு சின்னத் தீவு வந்தது, இறங்கினார்கள், ஒரு படகுத்துறை கட்டினார்கள். வெளியே வெயில் சாய்ந்து சுவரில் மஞ்சளாக ஏறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசல் பூட்டில் திறப்புப் போடும் சத்தம் கேட்டது. அத்தான். அக்காவின் கை ஒரு கணம் கணினி மூடியில் போய் நின்றது. அவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கவேண்டும், பேச்சை நிறுத்திவிட்டான். அக்கா கையை எடுத்தாள். “ஓம், அப்பா வந்திட்டார்” என்று உரக்கச் சொன்னாள். “நீ இரு.”

அத்தான் சப்பாத்தைக் கழற்றாமல் அறை வாசலில் நின்றார்.  அவர் கடலைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“உதிலை எது அவன்ரை?”

“சிவத்தப் பாய்” என்றாள் அக்கா.

அவர் அந்தச் சிவத்தப் பாயை நெடுநேரம் பார்த்தார். “சரி, கதையுங்கோ. நான் தேத்தண்ணி வைக்கிறன்” என்றுவிட்டு உள்ளே போனார். பத்து வருடமாக அந்த மனிதர் அந்த வீட்டில் தேத்தண்ணி வைத்ததில்லை. சீனி எங்கே என்று தெரியாமல் அவர் அலுமாரித் தட்டு முழுவதையும் கிளறுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அப்பா என்ன சொன்னவர் என்று மருமகன் மெல்லக் கேட்டான். தேத்தண்ணி வைக்கிறாராம் என்றாள் அக்கா. மறுபக்கத்தில் அவன் சிரித்தான். சிரிப்பு நடுவில் உடைந்ததுபோல இருந்தது.

விடியப்புறம் வேலை இருக்கிறவன் நேரத்தோடு படுக்கவேண்டும். “நீ போய்ப் படு” என்றாள் அக்கா. “நீங்க முதல் போங்கோ” என்றான் அவன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “தம்பி, இதை எப்பிடி நிப்பாட்டுறது?” நான் சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திக்கொண்டேன். அத்தனை திங்கட்கிழமையும் அதுவாகவே அறுந்துபோனதில், தானாக விடைபெறுவதற்கு எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரிய ஒரு வழியும் இருந்ததில்லை. காட்டிக்கொடுத்தேன். அவள் திரையின் அம்புக்குறியைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துவிட்டு, அமர்த்தாமல் இருந்தாள். “நான் விட்டிட்டுப் போகமாட்டன். நீ போ” என்றாள்.

“இல்லை அம்மா.” அவன் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகத் தேடி எடுத்து வைத்தான். “அண்டைக்கு நான் சொல்லாமல் போனனான். இண்டைக்கு நீங்க போங்கோ. நான் இஞ்சை நிண்டு பாக்கிறன்.”

அவனுடைய படகு பாயை இறக்கிவிட்டுப் படகுத்துறையில் நின்றது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அமர்த்தினாள்.

சில கிழமைகள் கழித்து மருமகன் கையில் பாணோடு வீட்டுக்கு வந்தான். அத்தான் ஒரு துண்டைச் சம்பலோடு தின்றுவிட்டு, இன்னொரு துண்டு கேட்டார். அதற்குப் பிறகு அவர்களுக்குக் கடல் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. நோய் அக்காவுக்குச் சத்தமில்லாமல் வந்து, கெதியாகத் தன் வேலையை முடித்துக்கொண்டது. தகனசாலையில் எல்லாவற்றுக்கும் நேரக்கணக்கு. நம்முடையது முடிந்ததும் அடுத்த குடும்பத்துக்கு மண்டபத்தை விடவேண்டும் என்று ஒருவர் வந்து மரியாதையாகச் சொன்னார். சனம் வெளியே வந்து கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. மருமகன் மட்டும் வெளியே வரவில்லை. நான் உள்ளே போய்த் தோளில் கை வைத்தேன். அக்காவின் பெட்டி உள்ளே போய் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றவன், “நீங்க போங்கோ மாமா. நான் இஞ்சை நிக்கிறன்” என்றான். நான் வெளியே வந்தேன். படியில் நின்ற அத்தான், அவன் எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் கையிலிருந்த குடையை என்னிடம் தந்துவிட்டு, திரும்பிப் போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றார்.